சியானில் ஐந்து வாரம்: ஓவியப் பயிலரங்கு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2019 செப்டம்பரில் சீனாவின் சியான் நகரில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் கலைத் துறை, எங்கள் கல்லூரியிலிருந்து ஓவிய விரிவுரையாளர் ஒருவரை ஐந்து வாரத்துக்கு வருகை ஆசிரியராக அழைத்தது. ஐம்பதை நெருங்கும் வயது. கோட்டோவியம் அவருடைய பலம். இருபது வருடத்துக்கு மேல் வகுப்பெடுத்த அனுபவம் உண்டு என்றாலும் வெளிநாட்டில் பாடம் எடுப்பது அதுதான் முதல் தடவை. இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் 22 பேருக்கு நேரில் பார்த்து வரையும் பயிற்சி தர வேண்டும். சம்பளம் கிடையாது, தங்குமிடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. பரிமாற்றப் பயணங்களுக்குத் தரும் எஃப் விசாவில் போனார். விடுமுறை நாட்களில் ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்பது அழைப்புக் கடிதத்திலேயே இருந்தது. உண்மையைச் சொன்னால் அவர் ஒத்துக்கொண்டதற்குப் பாதிக் காரணம் அந்த வரிதான்.

பாடத்திட்டத்தை அவரோடு உட்கார்ந்து எழுதியவன் நான். அதனால் கீழே வரும் பிழைகளில் எனக்கும் பங்கு உண்டு. அவருடைய நாட்குறிப்பு, மூன்று கோட்டோவியப் புத்தகங்கள், எனக்கு அனுப்பிய குரல் செய்திகள், வகுப்பில் மொழிபெயர்த்த ஆராய்ச்சி மாணவியிடம் பின்னர் தொலைபேசியில் பேசியவை, இவற்றை வைத்து இதை எழுதுகிறேன். ஆட்களையும் பல்கலைக்கழகத்தையும் அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

எங்கள் திட்டம் எளிமையானது. முதல் வாரம் கையும் பொருட்களும், இரண்டாம் வாரம் உயிருள்ள மாதிரி, மூன்றாம் வாரம் கடைத்தெரு, கடைசி இரண்டு வாரம் அவரவர் சொந்த வேலை. திட்டத்தில் எழுதாத ஓர் அனுமானம் அதன் ஒவ்வொரு வரிக்கும் அடியில் இருந்தது. அங்குள்ள பிள்ளைகள் நகலெடுத்தே வளர்ந்தவர்கள், கண்ணால் பார்த்து வரைய நாம்தான் சொல்லித்தர வேண்டும் என்று நினைத்துக்கொண்டோம்.

முதல் வாரம்

முதல் நாளே ஒரு சறுக்கல். 140 படங்கள் கொண்ட அவருடைய பாடக் கோப்பு முழுவதும் கூகுள் டிரைவில் இருந்தது. சீனாவில் கூகுள் திறக்காது. பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்துப் போங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. கையில் இருந்தது சாக்பீஸ் மட்டும். கரும்பலகையில் வரைந்தே சமாளித்தார். அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆசிரியரின் கை ஓடுவதை மாணவர்கள் நேரில் பார்க்க முடிந்தது.

மறுநாள் செப்டம்பர் 10. சீனாவில் அதுதான் ஆசிரியர் தினம். வகுப்புக்குள் நுழைந்ததும் பூங்கொத்து கொடுத்து, எல்லோரும் எழுந்து நின்று "லாவ்ஷி" என்று வணங்கினார்கள். லாவ்ஷி என்றால் ஆசிரியர். 'ஒரே நாளில் வகுப்பு என் கைக்கு வந்துவிட்டது' என்று அன்றிரவு நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். வழக்கப்படி செய்த மரியாதையை நெருக்கம் என்று எடுத்துக்கொண்ட முதல் இடம் இது.

வாரக் கடைசியில் இலையுதிர்கால நிலாத் திருவிழா. செப்டம்பர் 13 முதல் 15 வரை மூன்று நாள் விடுமுறை. 14ஆம் தேதி, சீனாவின் முதல் பேரரசரின் கல்லறைக்காகச் செய்து புதைத்த களிமண் வீரர்களின் படையைப் பார்க்கப் போனார். 1974 மார்ச்சில் கிணறு தோண்டிய விவசாயிகள் கண்டெடுத்த அந்தப் படையைப் பார்க்க நாடே அன்று கிளம்பி வந்தது போல் இருந்ததாம். முதல் குழியில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உருவங்கள் இருக்கும் என்பது கணக்கு. பெரும்பகுதி இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. 'தலைகள்தான் தெரிந்தன, மண் தலையும் மனிதத் தலையும்' என்று ஒரே வரி எழுதியிருக்கிறார். 15ஆம் தேதி கல்வெட்டு வனம் எனப்படும் பெய்லின் அருங்காட்சியகம். ஒரு மணி நேரம் சுற்றி, நாற்பது புகைப்படம் எடுத்து, வெளியே வந்துவிட்டார். இந்த இரண்டு இடங்களும் பின்னால் மறுபடி வரும் என்பதால் குறித்துவைக்கிறேன்.

அன்று மாலை துறையின் மூத்த பேராசிரியர் ஒருவர் ஆட்டிறைச்சிப் பாவ்மோ சாப்பிட அழைத்துப்போனார். தடித்த, கெட்டியான ரொட்டியைக் கிண்ணத்தோடு கையில் கொடுத்துவிடுவார்கள். அதை மொச்சைக்கொட்டை அளவுக்கு நாமே பிய்த்துப் போட வேண்டும். அப்புறம் கிண்ணம் சமையலறைக்குப் போய், இறைச்சிச் சாற்றில் கொதித்துத் திரும்பி வரும். பொடியாகப் பிய்த்தால்தான் சாறு ஊறும். நம்மவர் பசியில் பெரிய பெரிய துண்டாகப் பிய்த்தார். பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சை நிறுத்தாமலே கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, அந்தத் துண்டுகளைப் பொடியாக்கி, திரும்பத் தள்ளிவைத்தார். ஐந்து நாள் கழித்து வகுப்பில் விரிவுரையாளர் செய்தது இதற்கு நேரெதிர்.

வகுப்பில் கண்டது

இரண்டாம் வாரம் மாதிரியாக உட்கார ஒரு முதியவர் வந்தார். மூன்று மணி நேரத்தில் 22 பேரும் அவர் தலையை வரைந்து முடித்தார்கள். வரைந்த தரத்தைப் பார்த்து விரிவுரையாளர் அசந்துபோனார். கன்ன எலும்பின் திருப்பம், கண்குழியின் நிழல், தாடைக்கு அடியில் பட்டுத் தெறிக்கும் ஒளி, எல்லாம் துல்லியம். சுவரில் வரிசையாக மாட்டியதும்தான் உறைத்தது. எல்லாத் தலைகளும் ஒரே கை வரைந்தவை போல இருந்தன. இடப்பக்க மூக்கு நிழலைக்கூட ஒரே கோணத்தில் கீறியிருந்தார்கள்.

இதற்கான காரணம் அந்த வகுப்புக்கு வெளியே இருந்தது. சீனாவில் ஓவியக் கல்லூரிக்குள் நுழைய மாகாண அளவில் செய்முறைத் தேர்வு உண்டு: பென்சில் கோட்டோவியம், வண்ணம், விரைவுக் கோட்டோவியம். அதற்காகவே தனியார் ஓவியக் கூடங்கள் இயங்குகின்றன. நம் ஊர் நீட் பயிற்சி மையம் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் காலையிலிருந்து இரவு வரை தலைதலையாக வரைந்து, மதிப்பெண் வாங்கித்தரும் ஒரு வார்ப்பைக் கைக்குப் பழக்கிவிடுகிறார்கள்.

அந்த வார்ப்பும் பழைய சீன ஓவியத்திலிருந்து வந்ததல்ல. பாரிசில் படித்துத் திரும்பிய ஓவியர் ஷு பெய்ஹோங் 1950-ல் பெய்ஜிங் மத்திய நுண்கலைக் கழகத்தின் முதல் தலைவரானார். 1955 முதல் 1957 வரை அதே கழகத்தில் சோவியத் ஓவியர் கான்ஸ்டான்டின் மக்சிமோவ் எண்ணெய் வண்ண வகுப்பு நடத்தினார். ஐரோப்பியக் கல்விக்கூடப் பயிற்சி அப்படி வேரூன்றியது. ஆக, 'மேற்கத்திய முறையில் உற்றுப் பார்த்து வரைதல்' என்று நாங்கள் மூட்டை கட்டிக் கொண்டுபோன சரக்கு அங்கே எழுபது வருடமாகக் கொட்டிக் கிடந்தது. 1850-ல் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளியின் வழியாக நமக்கு வந்த பயிற்சியும் அதே குடும்பம்தான். போவதற்கு முன் இதைப் படித்துத் தெரிந்துகொள்வது எங்கள் இருவருக்கும் ஒன்றும் கஷ்டமான காரியம் இல்லை. செய்யவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை

அன்று அவர் மூன்று படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதில் எது யாருடையது, சொல்லுங்கள்" என்று கேட்டார். யாரும் பேசவில்லை. விளையாட்டாகத்தான் கேட்டதாக அவர் சொல்கிறார். பதில் வராததும் எரிச்சல் ஏறியது. "நகல்தான் வேண்டுமென்றால் ஜெராக்ஸ் கடைக்குப் போயிருப்பேன், இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் நிறுத்தி, "வேறுபாடு இன்னும் கூடுதலாக வேண்டும் என்று லாவ்ஷி எதிர்பார்க்கிறார்" என்று சீனத்தில் சொன்னாள். அவள் நல்லதுதான் நினைத்தாள். ஆனால் வகுப்பில் ஏழெட்டுப் பேருக்கு ஆங்கிலம் புரியும். அவர்கள் மூலத்தையும் கேட்டார்கள், பூசி மெழுகியதையும் கேட்டார்கள். மொழிபெயர்க்கக்கூட முடியாத அளவுக்கு மோசமாகப் பேசியிருக்கிறார் என்பது அவர்களுக்கு அந்த மெழுகலிலேயே தெரிந்துவிட்டது. இதை அவளே பின்னர் என்னிடம் சொன்னாள்.

அந்த மூன்று படங்களில் ஒன்றை வரைந்த மாணவன் அதற்கப்புறம் வகுப்புக்கு வரவில்லை. இன்னொன்றை வரைந்த மாணவி மறுநாள் காலை விரிவுரையாளரோடு ஒரே விமானத்தில் ஏற வேண்டியிருந்தது.

துன்ஹுவாங்

துன்ஹுவாங் என்பது பாலைவன ஓரத்து ஊர். அதன் அருகே பழைய பௌத்தச் சுவரோவியங்கள் உள்ள மோகாவோ குகைகளுக்கான பயணத்தை ஆகஸ்டிலேயே ஏற்பாடு செய்துவிட்டார்கள். விரிவுரையாளர், மொழிபெயர்ப்பாளர், துறை தேர்ந்தெடுத்த இரண்டு மாணவிகள் என நான்கு பேர். எட்டுக் குகைகளைக் காட்டும் சீட்டு நாளொன்றுக்கு ஆறாயிரம் பேருக்குத்தான். ஒரு சீட்டு அப்போது 238 யுவான். கடவுச்சீட்டு எண் கொடுத்து முன்கூட்டியே வாங்க வேண்டும். மனித மூச்சில் உள்ள ஈரமும் கரியமில வாயுவும் சுவரோவியங்களைக் கெடுப்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு. முதலில் எண்ணியிருந்தபடி அக்டோபர் 1 தேசிய தின விடுமுறை வாரத்தில் போயிருந்தால் சீட்டே கிடைத்திருக்காது. தேதியை மாற்றியது மொழிபெயர்ப்பாளரின் புத்தி.

சனிக்கிழமை மணல்மேடும் பிறைநிலா ஊற்றும் பார்த்தார்கள். ஒட்டகச் சவாரி எல்லாம் உண்டு. அந்த மாணவி மரியாதையாக, ஒன்றிரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டாள்.

ஞாயிறு காலை குகைகள். வழிகாட்டி கொத்துச் சாவியை எடுத்து ஒவ்வொரு கதவாகத் திறந்து, உள்ளே விட்டு, கை விளக்கின் வட்டத்தைச் சுவரில் ஓட்டி, சில நிமிடத்தில் வெளியே கூட்டிவந்து மறுபடி பூட்டுவார். உள்ளே படம் எடுக்கக் கூடாது. கூட்டத்தோடு நகர வேண்டும் என்பதால் நின்று வரையவும் வழியில்லை. புதிதாக வாங்கிய புத்தகத்தோடும் நான்கு பென்சிலோடும் போனவருக்கு இது பெரிய ஏமாற்றம்.

அன்று பார்த்ததில் 257ஆம் குகையும் ஒன்று. வடக்கு வேய் என்ற பழைய அரச மரபின் காலத்தது. ஒன்பது நிற மான் கதை அங்கே சுவரில் ஒரு நீண்ட பட்டையாக ஓடுகிறது. புத்தரின் முற்பிறப்புக் கதை அது. ஆற்றில் மூழ்கும் ஒருவனை மான் காப்பாற்றுகிறது. அவனே அரசனிடம் போய் அதைக் காட்டிக்கொடுக்கிறான். வரைந்தவர் கதையை ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடிக்கவில்லை. இடக்கோடியில் ஆறு, வலக்கோடியில் அரண்மனை. கதை இரண்டு பக்கமிருந்தும் நடந்துவந்து நடுவில் சந்திக்கிறது. அங்கே மான் மண்டியிடாமல், நிமிர்ந்து, அரசனுக்கு எதிரே நிற்கிறது.

வெளியே வந்ததும் பாப்ளர் மரத்தடிப் பலகையில் உட்கார்ந்து, பார்த்ததை நினைவிலிருந்து வரையலாம் என்றார் விரிவுரையாளர். கால் மணி நேரத்தில் அவருக்கு வந்தது ஒரு மான், ஒரு குதிரை, சில மலை முகடுகள். எது எங்கே என்பது குழம்பிவிட்டது. மாணவியின் தாளை எட்டிப் பார்த்தார். முழுப் பட்டையும் இருந்தது. மூழ்குபவன், மானின் முன் குனிந்தவன், தூங்கும் மான், வண்டியில் வரும் அரசன், நடுவில் சந்திப்பு. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில். எப்படி முடிந்தது என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார்.

"சின்ன வயதிலிருந்து புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து இதை வரைந்திருக்கிறேன், லாவ்ஷி. இன்றைக்கு உள்ளே நின்றபோது, என் கை எங்கே தப்பு செய்திருந்தது என்பதை மட்டும்தான் பார்த்தேன்."

அன்றிரவு எனக்கு வந்த குரல் செய்தி பதினோரு நிமிடம். அதன் சாரம் இவ்வளவுதான்: 'நான் எல்லாவற்றையும் பார்க்கப் போனேன், ஒன்றும் நிற்கவில்லை. அவள் ஏற்கனவே கையில் வைத்திருந்ததைச் சரிபார்க்கப் போனாள்.'

துன்ஹுவாங்கின் வரலாறே அந்த மாணவியின் பக்கம்தான் பேசுகிறது. 1940-களில் ஓவியர் ஜாங் தாச்சியான் இரண்டு வருடத்துக்கு மேல் அங்கே தங்கிச் சுவரோவியங்களை நகலெடுத்தார். 1944-ல் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய சாங் ஷுஹோங்கும் பாரிசில் படித்தவர்தான். சேன் ஆற்றங்கரைப் பழைய புத்தகக் கடையில் இந்தக் குகைகளின் புகைப்படத் தொகுப்பு கண்ணில்பட்டதால் பாலைவனத்துக்கு வந்து சேர்ந்தவர். வெயிலைக் கண்ணாடியில் பிடித்து இருட்டுக்குள் திருப்பி, அந்த வெளிச்சத்தில் நகலெடுத்தார்கள். நகலெடுப்புதான் அங்கே ஆய்வு. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் சீன ஓவிய விமர்சகர் ஷியே ஹே எழுதிய ஓவியத்தின் ஆறு நெறிகளில் ஆறாவதும் நகலெடுத்துக் கடத்துவதே. முதல் நெறி உயிரோட்டம். ஆறாவதிலிருந்து ஏறித்தான் முதலாவதுக்குப் போக வேண்டும் என்பது என்னுடைய வாசிப்பு. வேறு விதமாகப் படிப்பவர்களும் இருக்கலாம்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

திங்களன்று வகுப்பில் மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். மொழிபெயர்ப்பாளர் தடுத்தாள். எல்லோர் முன்னிலும் ஆசிரியர் மன்னிப்புக் கேட்டால் அதை எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியாமல் பிள்ளைகள்தான் கூசிப்போவார்கள் என்பது அவள் வாதம். அவர் ஒத்துக்கொண்டார். பதிலாகத் தன்னுடைய துன்ஹுவாங் பக்கத்தையும் மாணவியின் பக்கத்தையும் ஒன்றாகச் சுவரில் குத்தி, அவளையே விளக்கச் சொல்லிவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். மான் நிற்க வேண்டிய இடத்தில் அவர் குதிரையைப் போட்டிருந்ததை அவள் காட்டியபோது வகுப்பு சிரித்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு.

பாடத்திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்று மாற்றங்கள் செய்தார்.

ஒன்று, பயிற்சியின் வரிசை. ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒரு துண்டை முதலில் அச்சு அசலாக நகலெடுக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து நினைவிலிருந்து. ஒரு வாரம் கழித்து மறுபடி நினைவிலிருந்து. பின்பு மூன்றையும் அசலோடு வைத்து, கை எங்கே விலகியது என்று பார்க்க வேண்டும். அதே விலகல் இரண்டு தடவையும் வந்தால் அது மறதியாக இருக்காது, அந்தக் கையின் சாய்வாக இருக்கும். அதிலிருந்து சொந்த வேலையைத் தொடங்கலாம் என்பது எண்ணம். நினைவிலிருந்து வரைவதற்கு அங்கே 'மோஷியே' என்று பெயரே உண்டு; தேர்வுக்குப் பழகியது. ஆகவே புதிதாக எதையும் புகுத்தும் தொல்லை இல்லை.

இரண்டு, விமர்சனம் தனித்தனியாக, எழுத்தில். குறிப்புகளை முந்தின இரவே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துவிடுவது. நல்லெண்ணத்தில் பூசி மெழுகும் நிலைமையே அவளுக்கு வரக் கூடாது என்பதற்காக.

மூன்று, ஊர் பார்ப்பதையும் பாடத்தையும் பிரித்து வைத்திருந்ததை விட்டுவிடுவது.

இடையில் நாட்காட்டியும் கைகொடுக்கவில்லை. செப்டம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை, லுங்மென் குகைகளைப் பார்க்க லோயாங்குக்கு ரயில் சீட்டு வாங்கியிருந்தார். நீண்ட விடுமுறைக்கு ஈடாக அந்த ஞாயிறு வேலை நாள் என்பது வெள்ளிக்கிழமைதான் தெரியவந்தது. சீட்டு ரத்து. அக்டோபர் 12 சனிக்கிழமையும் அப்படியே. விடுமுறை ஏழு நாளும் நகரம் பிதுங்கி வழிந்தது. பழைய நகர மதில்மேல் வாடகை சைக்கிளில் 13.7 கிலோமீட்டரையும் சுற்றிவந்ததைத் தவிர அவர் அறையிலேயே இருந்து களிமண் படைப் படங்களைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார்.

மறுபடி அதே இடங்கள்

அக்டோபர் 9, வகுப்போடு கல்வெட்டு வனம். 1087-ல் தொடங்கிய தொகுப்பு. 837-ல் பொறித்து முடித்த செவ்வியல் நூல்கள் 114 கற்களில், ஆறரை லட்சம் எழுத்துக்கு மேல், சுவர் போல நிற்கின்றன. கையால் எழுதிப் படியெடுக்கும்போது பிழை நுழைந்துவிடும் என்பதால் கல்லில் நிறுத்திய மூலப் பாடம் அது. முதல் தடவை இதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்திருக்கிறார்.

இந்தத் தடவை மாணவர்கள் கூட்டிப்போனார்கள். 752-ல் எழுத்துக்கலைஞர் யான் ஜென்சிங் எழுதிய தூபிக் கல்வெட்டின் முன் ஒரு மாணவி நின்று, ஆறு வயதில் இந்த எழுத்துகளின் சிவப்பு அச்சுமேல் கறுப்பு மையால் எழுதிப் பழகியதைச் சொன்னாள். பாதிப் பேர் கை தூக்கினார்கள், அவர்களும் அப்படித்தான். நம் பிள்ளைகள் அரிசியில் விரல் வைத்து அகரம் எழுதுவதுபோல, அவர்களுக்கு இந்தக் கல்.

ஒரு மூலையில் படியெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் அமுக்கி, பாதி உலர்ந்ததும் துணிப் பந்தில் மை தொட்டு மெதுவாகத் தட்டுகிறார்கள். தட்டத் தட்டக் கறுப்பில் வெள்ளை எழுத்து எழுந்து வருகிறது. விரிவுரையாளருக்கு இது புதிதில்லை. கல்வெட்டு ஆய்வாளர்கள் கோயில் சுவரில் மைப்படி எடுப்பதைப் பார்த்தவர். அதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியதும் கேள்விகள் வந்தன. அதே ஓட்டத்தில் சியானில் உள்ள பெரிய காட்டுவாத்துக் கோபுரத்தைப் பற்றிப் பேச்சு திரும்பியது. இந்தியாவிலிருந்து யுவான் சுவாங் கொண்டுவந்த சுவடிகளை வைப்பதற்காக 652-ல் எழுந்த கோபுரம். அந்த யுவான் சுவாங் காஞ்சிபுரம் வரை வந்தவர் என்று சொன்னதும், அதுவரை வாயே திறக்காத ஒரு பையன், "அந்த ஊர் இப்போதும் இருக்கிறதா?" என்று கேட்டான். காஞ்சிப் பட்டிலிருந்து கைலாசநாதர் கோயில் வரை முக்கால் மணி நேரம் போனது. அன்று பாடம் நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். நடந்தது என்றுதான் நான் சொல்வேன்.

அந்த வாரமே களிமண் படைக்கும் போனார்கள். கூட்டம் வடிந்திருந்தது. கை, கால், உடல், தலை ஆகியவற்றை அச்சுகளைப் பயன்படுத்தித் தனித்தனியாகச் செய்து சேர்த்திருக்கிறார்கள். முகத்தில் மட்டும் கை விளையாடியிருக்கிறது. காது, மீசை, தலைக் கொண்டை, புருவம். அச்சில் வந்த முகத்தை ஈர மண் அப்பித் தனியாளாக்கியிருக்கிறார்கள். இதையே பயிற்சியாக்கினார். தேர்வுக்குப் பழகிய அந்த ஒரே தலையை எல்லோரும் வரையுங்கள், அப்புறம் அதில் நான்கே நான்கு இடத்தில் கை வையுங்கள் என்றார்.

துன்ஹுவாங்கின் பழைய முகங்களும் ஒரு பாடமாயின. வடக்கு வேய் கால உருவங்களில் தோலின் நிழல் கறுத்து, மூக்கும் கண்ணும் மட்டும் வெள்ளையாக நிற்கும். வரைந்தவர் அப்படி நினைக்கவில்லை. மேடுபள்ளம் காட்ட அடுக்கிய வண்ணம் காலப்போக்கில் கறுத்துவிட்டது. அந்த மேடுபள்ள முறையை இந்தியாவிலிருந்து வந்தது என்றே பழைய சீன நூலோர் குறித்திருக்கிறார்கள். அஜந்தா படங்கள் கூகுளில் மாட்டிக்கொண்டதால், தன் கைபேசியில் கிடந்த இரண்டே படங்களை வைத்து இதைச் சொல்லி முடித்தார்.

விளைவு

கடைசி மூன்று நாள் துறையின் நடைகூடத்தில் ஒரு சிறு கண்காட்சி. 21 பேரில் 19 பேர் வைத்தார்கள். அவர் கணிப்பில் உண்மையாகவே வேறு கை தெரிந்தவை ஆறு. மற்றவை சிறந்த நகல்கள், அவ்வளவுதான். துன்ஹுவாங் மாணவி மான் பட்டையையே எடுத்து, இடவலக் கதையை வைத்துக்கொண்டு நடுச் சந்திப்பை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள். துறைத் தலைவருக்கு மகிழ்ச்சி; ஆனால் அவர் பாராட்டியது வருகைப் பதிவேட்டை. எழுத்தில் விமர்சனம் தரும் முறையைத் துறையின் இளம் ஆசிரியர் ஒருவர் தன் வகுப்பில் தொடர்வதாக மொழிபெயர்ப்பாளர் பின்னர் சொன்னாள்.

வகுப்பை விட்டுப் போன மாணவன் திரும்பவில்லை. வேறு பாடத்தோடு நேரம் இடிக்கிறது என்று துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருந்தான். உண்மைக் காரணம் அதுவாகவும் இருக்கலாம். விரிவுரையாளர் ஊர் திரும்புமுன் அவனுடைய படத்தை ஓர் உறையில் போட்டு, பின்பக்கம் நான்கு வரி எழுதி, மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தார். சேர்த்துவிட்டதாகச் சொன்னாள். பதில் வரவில்லை.

மாற்ற வேண்டியவை

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். பாடக் கோப்பு பென் டிரைவில் இருக்க வேண்டும், இரண்டு பிரதி. அந்த வருடத்து வேலை நாட்காட்டியை வாங்கி, ஈடுசெய்யும் சனி ஞாயிறுகளைப் பார்த்துவிட்டுத்தான் சீட்டு எடுக்க வேண்டும். அக்டோபர் முதல் வாரத்தில் எந்த ஊருக்கும் கிளம்பக் கூடாது. அப்போது வெளிநாட்டவருக்குக் கைபேசியில் பணம் செலுத்த வழியில்லாமல், நூறு யுவான் தாளை நீட்டி சில்லறைக்காகக் கடை கடையாக நின்றார். இப்போது வெளிநாட்டு அட்டையை இணைக்க முடிகிறது, ஊரிலேயே செய்துகொண்டு போவது நல்லது.

மொழிபெயர்ப்பாளர் விஷயம் சில்லறை இல்லை. அவளை வகுப்பு தொடங்கும் நாள் காலையில்தான் அவர் முதலில் சந்தித்தார். இரண்டு நாள் முன்பே உட்கார்ந்து, எதைப் பேசலாம், எதை எழுத்தில் தரலாம், தான் கோபப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது வரை பேசியிருக்க வேண்டும். அவளுக்கு இதற்காகத் தனி ஊதியம் இல்லை என்பதும் எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரியும்.

நாங்கள் கேட்க மறந்த இன்னொன்று, மாணவர்கள் தேர்வுக்கு வரைந்த படங்கள். நான்கு படம் மின்னஞ்சலில் வந்திருந்தால்கூட அந்த வெள்ளிக்கிழமை வேறு மாதிரி போயிருக்கும்.

2020 வசந்தத்தில் மறுபடி வரச் சொல்லி அழைப்பு வந்தது. கொரோனாவால் அந்தப் பயணம் நடக்கவில்லை. அதற்காக நாங்கள் இருவரும் எழுதிய புதிய பாடத்திட்டம் இன்னும் என் மேசையில் இருக்கிறது. முதல் வாரத்துக்கு எதிரே அவர் கையெழுத்தில்: 'கடைசி வரிசையில் உட்கார வேண்டும். அவர்களோடு சேர்ந்து ஒரு தலை வரைய வேண்டும், மூன்று மணி நேரத்தில்.'